ஒரே கணினி, மூன்றாவது பவர் சப்ளை: காரணத்தை எங்கே தேடுவது?

ஈசூன்வாசி | வெள்ளி, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். என் மேசைக் கணினியின் பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) மூன்றாவது முறையாகப் படுத்துவிட்டது. நான்காவதை வாங்கி மாட்டுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

ஆறு கோர் பிராசசர், 200 வாட் இழுக்கும் கிராபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். முதலில் இருந்தது 500 வாட் சப்ளை. நவம்பர் மாத இரவொன்றில், வெளியே இடி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது ‘டப்’ என்ற சத்தத்தோடு போனது. கருகிய வாடை மறுநாளும் அறையில் இருந்தது. அடுத்து 550 வாட். அது ஒரேயடியாகச் சாகவில்லை. சில மாதங்கள் நன்றாக ஓடியபின் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. பிறகு காலையில் பொத்தானைப் பலமுறை அழுத்தினால்தான் உயிர் வரும் என்ற நிலை. கடைசியில் அதுவும் இல்லை. இப்போதிருப்பது 650 வாட், 80 பிளஸ் கோல்டு என்ற மின்சிக்கனத் தரச்சான்று உள்ளது, போன மாதம் வாங்கியது. நேற்று மாலை மகள் பள்ளி ஒப்படைப்பைச் செய்துகொண்டிருந்தபோது அணைந்துவிட்டது. இப்போது பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிடுகிறது.

வீட்டுக் கரண்டு சரியில்லை என்கிறார் கடைக்காரர். மதர்போர்டில்தான் ஷார்ட் என்கிறார் மைத்துனர். ஆனால் வீட்டில் வேறெந்தப் பொருளும் பழுதாகவில்லை, பிரேக்கர் ஒருமுறைகூட விழுந்ததில்லை. சிங்கப்பூரில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு.

தெக்காதம்பி | வெள்ளி, இரவு 11.05

ஐயா, இது இடியின் வேலைதான். நம் ஊரில் ஆண்டுக்கு 160 நாள்களுக்கு மேல் இடி இடிக்கிறது. ஏப்ரல், மே, நவம்பரில் உச்சம். முதல் சப்ளை நவம்பரில்தானே போயிருக்கிறது? திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை வாங்கிப் போடுங்கள், பிரச்சினை முடிந்தது.

மின்மினி | வெள்ளி, இரவு 11.48

தம்பி, முதல் சாவுக்கு இடி காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. மற்ற இரண்டுக்கும் அது பொருந்தாது. மூன்று சப்ளைகளும் மூன்று விதமாகப் போயிருக்கின்றன என்பதை முதலில் கவனியுங்கள்.

‘டப்’ என்ற சத்தமும் கருகிய வாடையும் வந்தால், உள்ளே மாஸ்ஃபெட்டோ (மின் சுவிட்ச்) பிரிட்ஜ் ரெக்டிஃபையரோ (மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் பாகம்) வெடித்திருக்கும். நேரடியான, எதிர்பாராத அடி. இரண்டாவதின் கதை வேறு: காலையில் பலமுறை அழுத்தினால்தான் எழும் என்பது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துபோவதன் அடையாளம். அது மெதுவான சாவு. மூன்றாவது செத்துவிட்டது என்பதையே நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. விசிறி ஒரு கணம் அசைந்து நிற்கிறது என்றால், சப்ளை உயிரோடு இருந்து, ஏதோ ஒன்றைக் கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். அதிக மின்னோட்டம், ஷார்ட், குறைந்த மின்னழுத்தம், சூடு என்று ஒவ்வொன்றுக்கும் இந்தப் பெட்டிக்குள் ஒரு காவல் இருக்கிறது. அந்தக் காவல் ஒருமுறை பூட்டிக்கொண்டால், பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் வைத்தால்தான் விடும்.

எனவே இன்றிரவு எதையும் வாங்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். நாளைக் காலை கணினியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய், கூடத்தில் உள்ள சுவர் சாக்கெட்டில் நேரடியாக மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். வேறு எதையும் மாற்றாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

இன்னொன்று: எந்தக் காரணம் கொண்டும் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 380 முதல் 400 வோல்ட்வரை நேர் மின்சாரம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது.

பழையசாலிடர் | சனி, காலை 7.15

இரண்டாவது சப்ளை இன்னும் கையில் இருக்கிறதா? திறக்க வேண்டாம். பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியே கைவிளக்கு அடித்துப் பாருங்கள். உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதேனும் கசிந்து காய்ந்திருந்தாலோ வெப்பம்தான் அதைக் கொன்றது. பத்து டிகிரி சூடு கூடினால் இந்தக் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. 105 டிகிரி தாங்கும் என்று எழுதியிருக்கும். ஆனால் அந்த 105-இல் சில ஆயிரம் மணி நேரம்தான் தாங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கணினி எங்கே இருக்கிறது? மேசைக்கு அடியிலா, அலமாரிக்குள்ளா? பக்கத்தில் என்ன இருக்கிறது?

வெண்கலம் | சனி, காலை 8.02

கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கிறதா? இருந்தால் எர்த் இல்லை என்று பொருள். இரண்டு முள் பிளக்கை எப்படியோ மூன்று துளைச் சாக்கெட்டில் திணித்துப் பயன்படுத்துகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஈசூன்வாசி | சனி, காலை 10.30

வெண்கலம், சுருசுருப்பு எதுவும் இல்லை. மூன்று முள் பிளக்தான்.

பழையசாலிடர் ஐயா, இரண்டாவது சப்ளையைக் கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறது. ஒன்றின் மேல் துரு நிறத்தில் பொருக்கு. கணினி படுக்கையறையில், மேசையோடு சேர்ந்த மர அலமாரிக்குள் இருக்கிறது. பின்பக்கம் அடைப்பு. அலமாரிக்கு மேலே சாமி படங்கள். வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுவோம்.

மின்மினி சகோதரி, கூடத்துச் சாக்கெட்டில் மாட்டியதும் கணினி முதல் அழுத்தத்திலேயே எழுந்துவிட்டது! இப்போது அதிலிருந்துதான் எழுதுகிறேன்.

பழையசாலிடர் | சனி, காலை 10.55

சாம்பிராணி! கேட்டது நல்லதாகப் போயிற்று. தயவுசெய்து சப்ளையின் அடியில் இருக்கும் தூசி வலையைக் கழற்றிப் பாருங்கள்.

ஈசூன்வாசி | சனி, காலை 11.40

கழற்றினேன். வலை என்றே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு ஒன்றை ஒட்டவைத்ததுபோல் இருந்தது. விரலால் தடவினால் பிசுபிசுக்கிறது, முகர்ந்தால் சாம்பிராணி வாசனை. வாங்கி ஒரு மாதமே ஆன சப்ளை இதன் வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறது.

பழையசாலிடர் | சனி, நண்பகல் 12.20

வெறும் தூசியை ஊதினால் போய்விடும். புகையில் இருக்கும் பிசினும் எண்ணெயும் தூசியோடு கலந்தால் போகாது. நம் ஊர்க் காற்றில் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம். அந்தப் படிவு ஈரத்தை இழுத்துக்கொண்டு சப்ளைக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையின் மேல் உட்காரும். அடைத்த அலமாரியில் தான் வெளியேற்றிய சூடான காற்றையே சப்ளை மறுபடி உள்ளிழுக்கும். இரண்டாவது சப்ளையின் சாவுக்கு எனக்கு இது போதும்.

சாமி படத்தை நகர்த்தச் சொல்ல மாட்டேன். கணினியை நகர்த்துங்கள். பின்னால் ஒரு சாண் இடம் இருக்கட்டும். வலையைச் சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். காற்றுத் துளை வழியே கரப்பான் உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கதகதப்பு அவற்றுக்குப் பிடிக்கும். 400 வோல்ட் ஓடும் பலகையில் ஒரு கரப்பான் குறுக்கே விழுந்தால் கதை முடிந்தது.

தெக்காதம்பி | சனி, பிற்பகல் 1.10

அப்படியென்றால் வெப்பம்தான் காரணம். கூடத்தில் காற்றோட்டம் இருப்பதால் ஓடுகிறது, அவ்வளவுதானே?

மின்மினி | சனி, பிற்பகல் 2.35

இல்லை தம்பி, அதற்குள் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். நேற்றிரவே ஆறிப்போய்க் கிடந்த சப்ளை, பொத்தானை அழுத்திய கணத்தில் நின்றது. ஆறிய சப்ளையைச் சூட்டுக் காவல் நிறுத்தாது. பிளக்கைப் பிடுங்கி வைத்ததால் பூட்டு விட்டதா, சாக்கெட்டை மாற்றியதால் எழுந்ததா என்பதுதான் இப்போதைய கேள்வி.

ஈசூன்வாசி, கூடத்திலேயே திங்கள்வரை ஓட்டுங்கள். மகள் விளையாட்டு விளையாடட்டும், கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை கொடுக்கட்டும். அதற்கிடையே படுக்கையறை எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கழற்றி, அதன் பிளக் முள்களை வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளை பளபளப்பாக இருக்க வேண்டும். அந்த அறையில் வேறு என்னென்ன மாட்டுகிறீர்கள், எந்த நேரத்தில் என்றும் வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள்.

கேலாங்எலி | சனி, மாலை 4.00

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சப்ளையிலிருந்து வரும் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்தால் சப்ளை ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனையை ஏன் யாரும் சொல்லவில்லை?

மின்மினி | சனி, மாலை 4.25

அந்தச் சோதனையில் விசிறி சுற்றினால், சப்ளை முற்றிலும் சாகவில்லை என்பது மட்டும் தெரியும். சுமை இல்லாமல் ஓடுகிற சப்ளை, சுமை ஏறியதும் தள்ளாடலாம். கணினியோடு இணைந்திருக்கும்போதே மல்டிமீட்டரால் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) பார்ப்பதுதான் பயன். மஞ்சள் வயரில் 12 வோல்ட்: 11.40 முதல் 12.60 வரை இருக்கலாம். சிவப்பில் 5 வோல்ட்: 4.75 முதல் 5.25 வரை. ஊதா வயர் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் காட்ட வேண்டும். மல்டிமீட்டர், மின்னணுப் பொருள்கள் விற்கும் சிம் லிம் டவரில் கிடைக்கும், பெரிய விலை இல்லை. நான் சொல்வது சப்ளையிலிருந்து வெளியே வரும் வயர்களை மட்டும். சுவர்ச் சாக்கெட்டுக்குள் யாரும் முனையை விட வேண்டாம்.

பழையசாலிடர் | சனி, மாலை 5.10

ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. மூன்றாவது சப்ளையைப் பொருத்தியபோது பழைய சப்ளையின் கேபிள் எதையும் அப்படியே விட்டுவைக்கவில்லையே? கழற்றிப் பூட்டும் கேபிள்களின் சப்ளைப் பக்க முனைக்குப் பொதுவான தரம் எதுவும் கிடையாது. வேறு சப்ளையின் கேபிள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து ஹார்ட் டிஸ்க்கைப் பொசுக்கிவிடும். இப்படிக் குடும்பப் படங்களை எல்லாம் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஈசூன்வாசி | ஞாயிறு, இரவு 9.20

கேபிள்கள் எல்லாம் புதிய பெட்டியில் வந்தவைதான் ஐயா, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

இப்போது முக்கியச் செய்தி. எக்ஸ்டென்ஷன் பிளக்கின் ஒரு முள் மட்டும் பழுப்பாகி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் லேசாக உருகியிருக்கிறது. அது நியூட்ரல் முள், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி. வீட்டில் விசாரித்தபோது மனைவி ஒன்று சொன்னார்: “நான் சட்டை தேய்க்கும்போது அந்த அறையின் மேசை விசிறி விட்டு விட்டுச் சுற்றும்.” வியாழக்கிழமை மாலை கணினி அணைந்தபோதும் அவர் கட்டிலருகே உள்ள சாக்கெட்டில் சீருடை தேய்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப்பெட்டி 2,400 வாட்.

கூடத்தில் கணினி இதுவரை அணையவில்லை.

மின்மினி | ஞாயிறு, இரவு 9.45

அந்த அறையின் சாக்கெட்டுகளை இப்போதே அணைத்துவிடுங்கள். எதையும் மாட்டாதீர்கள். இஸ்திரிப்பெட்டி கட்டாயம் வேண்டாம். நாளையே உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் உரிமத்தைச் சரிபார்க்கலாம். இனி இதைக் கணினிப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். வீடு தீப்பிடிக்கக்கூடிய விஷயம் இது.

தெக்காதம்பி | ஞாயிறு, இரவு 10.02

பிரேக்கர் விழவில்லை என்றாரே அக்கா? வயரிங் கெட்டிருந்தால் விழ வேண்டாமா?

மின்மினி | ஞாயிறு, இரவு 10.30

இதைத்தான் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் வீடுகளில் இருக்கும் ஆர்சிசிபி என்ற கசிவுக் காவல், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்காவது கசிந்தால் துண்டிக்கும். சாதாரண பிரேக்கர், அளவுக்கு மீறி இழுத்தால் துண்டிக்கும். ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இடைவெளியில் பொறி பறந்தால் கசிவும் இல்லை, அதிக இழுப்பும் இல்லை. இரண்டு காவலும் பேசாமல் நிற்கும். ஸ்க்ரூ மட்டும் சூடாகிக்கொண்டே போகும்.

கேலாங்எலி | ஞாயிறு, இரவு 10.50

நியூட்ரல் தளர்ந்தால் 400 வோல்ட் ஏறிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால்தான் சப்ளைகள் வெடித்தனவோ?

மின்மினி | ஞாயிறு, இரவு 11.15

அது மூன்று ஃபேஸ் இணைப்பில், மேலே பொது நியூட்ரல் அறுந்தால் நடப்பது. அப்படி நடந்திருந்தால் குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து போயிருக்கும். ஒரே அறையின் சாக்கெட்டில் நியூட்ரல் தளர்ந்தால் மின்னழுத்தம் ஏறாது. இறங்கும், அறுந்து அறுந்து வரும்.

அறுந்து அறுந்து வருவதுதான் பவர் சப்ளைக்கு எமன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. முழுச் சுமையில் ஒரு நல்ல சப்ளை கெப்பாசிட்டரில் சேமித்ததை வைத்து 16, 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் துண்டித்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகும். அடுத்த கணமே தொடர்பு வந்தால், காலியான பெரிய கெப்பாசிட்டர் ஒரே மூச்சில் மின்சாரத்தைக் குடிக்கும். அந்தப் பாய்ச்சலைத் தடுக்க உள்ளே ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை அதிகம், பாய்ச்சலை மட்டுப்படுத்தும். ஓடிச் சூடான பிறகு மின்தடை குறைந்துவிடும். சூடாக இருக்கும்போதே துண்டித்து இணைத்தால் தடுக்க ஆளில்லை. அடி முழுவதும் பிரிட்ஜ் மீதும் கெப்பாசிட்டர் மீதும் விழும். விலை கூடிய சப்ளைகளில் தெர்மிஸ்டரைச் சுற்றி ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருக்கும். அதுவும் இப்படி ஓயாமல் ஏறி இறங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

சர்ஜ் புரொடெக்டர் உயர் அழுத்தத்தைத்தான் வடிக்கும். இந்தத் துண்டிப்புக்கு அது எதுவும் செய்யாது.

ஈசூன்வாசி | செவ்வாய், இரவு 8.50

இன்று மதியம் மின்பணியாளர் வந்து பார்த்தார். கட்டிலருகே இருக்கும் சாக்கெட் வழியாகத்தான் கணினி மேசைச் சாக்கெட்டுக்கு வயர் போகிறது. முதலில் சும்மா அளந்தார்: 231 வோல்ட். இஸ்திரிப்பெட்டியை மாட்டியதும் 217-க்கு இறங்கித் துள்ளியது. சுவருக்குள் மெல்லிய இரைச்சல். உடனே மெயினை அணைத்துவிட்டு முகப்பைக் கழற்றினார். பழைய வயரிங், சிவப்பும் கறுப்பும். நியூட்ரலான கறுப்பு வயர் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ விரலாலேயே சுழன்றது. செம்பு நிறம் மாறிக் கருத்திருந்தது. அதன் மேலுறை தொட்டதும் நொறுங்கி உதிர்ந்தது. சாக்கெட்டின் பின்பக்க பிளாஸ்டிக்கில் நாணயம் அளவுக்குப் பழுப்புத் தழும்பு.

கருகிய பகுதியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, இரண்டு சாக்கெட்டுகளையும் புதிதாகப் போட்டார். வீட்டின் மற்ற சாக்கெட்டுகளையும் திறந்து இறுக்கினார். சமையலறையில் இன்னொன்று தளரத் தொடங்கியிருந்ததாம்.

மின்மினி | செவ்வாய், இரவு 9.20

14 வோல்ட் இழப்பு, ஏறத்தாழ 10 ஆம்பியர் ஓட்டம். பெருக்கினால் 140 வாட். எங்கள் பட்டறையில் ஈயம் உருக்கும் சாலிடர் இரும்பு 60 வாட்தான். அதைவிட இருமடங்குக்கு மேல் சூடு உங்கள் கட்டிலருகே, சுவருக்குள், ஒரு ஸ்க்ரூவில் இருந்திருக்கிறது. நல்ல வேளை, கண்டுபிடித்துவிட்டீர்கள்.

217 வோல்ட்டே சப்ளையைக் கெடுத்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 100 முதல் 240 வரை ஏற்கும் சப்ளைக்கு அது ஒன்றுமே இல்லை. கெடுத்தது அந்தத் துள்ளல்.

பழையசாலிடர் | செவ்வாய், இரவு 9.50

இரண்டாவது சப்ளைக்கு என் கட்சியை விடவில்லை. உப்பிய கெப்பாசிட்டர் வெப்பத்தின் கையெழுத்து. துள்ளல் அதை விரைவுபடுத்தியிருக்கலாம்.

மின்மினி | செவ்வாய், இரவு 10.05

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. இரண்டும் சேர்ந்துதான் அதைக் கொன்றிருக்கும். முதலாவது இடியா, சாக்கெட்டா என்பதை இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வெண்கலம் | செவ்வாய், இரவு 10.30

குறையுள்ள பொருள் வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்டத்தின்கீழ் கடையில் கேட்க முடியாதா? 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறதே. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே குறை இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று கடைக்காரர்தான் காட்ட வேண்டும்.

ஈசூன்வாசி | புதன், இரவு 9.15

மூன்றாவது சப்ளையில் குறையே இல்லையே, வெண்கலம். நல்ல பொருளைத் திருப்பிக் கொடுத்துக் கடைக்காரருக்கு நட்டம் வைக்க எனக்கு மனமில்லை. இரண்டாவது ஆறு மாதத்தைத் தாண்டிப் போனது. அதற்கு உற்பத்தியாளர் உத்தரவாதம் இருக்கிறது. ஆனால் நடந்த கதை தெரிந்தபின் அதைக் கேட்பதும் எனக்கு முறையாகப் படவில்லை.

கணினி மீண்டும் படுக்கையறையில், அலமாரிக்கு வெளியே. மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன். ஊதா வயரில் 5.06. மஞ்சளில் சும்மா இருக்கும்போது 12.08, மகள் விளையாடும்போது 11.97. மனைவி பக்கத்துச் சாக்கெட்டில் இஸ்திரி போடும்போதும் அதே 11.97. மேசை விசிறி சீராகச் சுற்றுகிறது.

மின்சாரம் நின்றால் பேட்டரியில் ஓட்டும் யுபிஎஸ் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மின்மினி | புதன், இரவு 9.40

வாங்கலாம், அவசரமில்லை. சுவர் மின்சாரத்தைப்போல் சீராக ஏறி இறங்கும் சைன் அலை தருகிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். மலிவான யுபிஎஸ்கள் படிக்கட்டு வடிவ அலையைத்தான் தரும். உங்களுடையதுபோல் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும் சுற்று) உள்ள சப்ளைகளில் சில, பேட்டரிக்கு மாறும் கணத்தில் அதை ஏற்காமல் அணைந்துவிடும். கணினியும் திரையும் சேர்ந்து இழுப்பதைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலான வாட் அளவு இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் மாற்றுங்கள். பாதுகாப்புக் குறி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முள் உருகிய பழையதைக் குப்பையில் போடுங்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

பழையசாலிடர் | புதன், இரவு 10.10

செத்த இரண்டு சப்ளைகளும் மின்கழிவுத் தொட்டிக்குப் போகட்டும். வீட்டுக் குப்பைக் குழாயில் வேண்டாம். தூசி வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள். சாம்பிராணி போடும் நேரத்தில் கணினியை அணைத்து வையுங்கள்.